ஆறு இதழ்ப் பூ வைத்த நீலச் சால்வை

“ஆசையாக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டா, முதல்ல குடுத்ததுக்கு என்ன அர்த்தம்?”

வேல்விழி அக்கா இதைக் கேட்டபோது சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். அவள் கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் ஆறு சால்வைகள். பஸ் வந்ததும் அவள் ஏறிப் போய்விட்டாள். அவளும் அவளோடு வேனில் போகிற பெண்களும் பிறகு சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேல்விழிக்கு ஊர் ஆமத்தூர். பதினான்கு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. அந்த அறைக்குள் எதையும் இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, கை தவறிக் கீழே போடக் கூடாது. அங்கே நடக்கிற தப்பைத் திருத்த இரண்டாவது தடவை கிடையாது. இது அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் சோற்றுத் தட்டைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைப்பாள்.

போன வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி ஒரு மாதம் பூட்டிக் கிடந்தபோது, போனில் யாரோ ஒரு பெண் குரோஷா ஊசியால் சால்வை பின்னுவதைப் பார்த்தாள். மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஊசியும் இரண்டு கண்டு உல்லன் நூலும் வாங்கிவந்தாள். முதலில் பின்னியது ஓரமெல்லாம் சுருண்டு வட்டமாக எழும்பி நின்றது.

“இது சால்வையா, பானைக்கு வைக்கிற பிரிமணையா?” என்றான் கணவன் சோணைமுத்து.

வேல்விழி ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். பின்னியது அத்தனையும் கண்ணி கண்ணியாகக் கழன்று மறுபடி வெறும் நூலாகி அவள் மடியில் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாகிப் போனதைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இப்படியும் ஒரு வேலை உண்டா?

அதற்குப் பிறகு அவள் கை சும்மா இருக்கவில்லை. கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுக்கும்போது விரலில் ஒரு தாளம் வரும். எண்ணிக்கை தானாக வாய்க்குள் ஓடும். நூலை இழுக்கலாம், கீழே போடலாம், காலால் உருட்டலாம். பின்னி முடித்ததைக் கையில் போட்டுப் பார்த்தால் கையின் பூனைமுடியெல்லாம் எழும்பி நிற்கும். கம்பளி தன்னைக் கொஞ்சுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

மார்கழியில் கம்பெனி வேன் விடிந்தும் விடியாமல் வந்துவிடும். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாத வேன். பின்சீட்டுக்காரர்கள் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு நடுங்குவார்கள். வேல்விழி அவர்களுக்கென்றே ஏழு சால்வை பின்னினாள். ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

“சால்வையா? எனக்கா? நான் எந்தக் கட்சியில தலைவரு, எனக்குப் போத்துறே?” என்று கேட்டாள் கருப்பம்மாள். வேனே சிரித்தது.

ஏழாவது சால்வை பானுப்பிரியாவுக்கு. கல்யாணம் முடித்து, வேலைக்கு வந்து நாலே மாதம் ஆன பெண். மயில் கழுத்து நீலத்தில் சால்வை, ஓரத்தில் மஞ்சள் பூக்கள். பூவுக்கு ஐந்து இதழ். ஒரு மூலையில் மட்டும் எண்ணிக்கை தவறி ஆறு இதழ் விழுந்திருந்தது. கொடுத்த பிறகுதான் வேல்விழி அதைப் பார்த்தாள்.

“குடுத்தா, பிரிச்சுச் சரிபண்ணித் தாரேன்.”

“இருக்கட்டும்க்கா. இது என்னோடதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? அதுக்கு இந்தப் பூதான் அடையாளம்” என்று பானுப்பிரியா சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

பொங்கல் முடிந்ததும் அவளும் கணவனும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தாயில்பட்டிப் பக்கம் அத்தை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.

மாசியில் ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. பாடம் எடுக்க வந்தவர் ஒரு உல்லன் குல்லாவைப் பிளாஸ்டிக் அளவுகோலில் நாலு தடவை தேய்த்தார். மேசை மேல் கிடந்த காகிதத் துணுக்குகள் துள்ளி வந்து அளவுகோலில் ஒட்டின. “இதுதான் மின்சாரம். இந்தக் குல்லா உடம்புல உரசினாலும் இதேதான். ஒரு பொறி போதும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, மருந்துக்குத் தெரியும். அறைக்குள்ள பருத்தித் துணி மட்டும்தான்” என்றார்.

பருத்திச் சேலை கட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆனால் சால்வையை யாரும் துணிக் கணக்கில் சேர்க்கவில்லை. வேல்விழியும்தான். தன் கையில் பூனைமுடி எழும்பி நின்றது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்கே போர்மேன் சங்கையாவிடம் போனாள்.

“நாளைக்கு எல்லாருக்கும் சொல்லிருவோம்த்தா” என்றார் அவர்.

“சொன்னா வீட்டுல வச்சிருப்பாக அண்ணாச்சி. குளுருனா மறுபடி எடுத்துப் போத்திட்டு வருவாக. நான் குடுத்தது, நானே வாங்கிருறேன்.”

வீடு வீடாகப் போனாள். கருப்பம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“குடுத்ததைப் பிடுங்கவா வந்தே? என் மருமக முன்னால இப்படிக் கேக்க உனக்கு எப்படித்தா வாய் வந்துச்சு?”

“மதினி, அது அறைக்குள்ள ஆகாது.”

“ஆகாதுன்னு தெரிஞ்சுதானா எங்களுக்குக் குடுத்தே?”

கருப்பம்மாள் சால்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் எறிந்தாள்.

சோலையம்மாள் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். அவள் வயதில் மூத்தவள், இடுப்புவலிக்காரி.

“நான் போத்தவே இல்லைத்தா. சேலைக்குள்ள இடுப்பைச் சுத்திக் கட்டிக்கிருவேன். எம்புட்டுச் சூடா இருக்குங்கே!”

“அறைக்குள்ளயுமா சித்தி?”

“அங்கனதானே பகல் பூரா உக்காந்திருக்கேன். ரெண்டு மாசமாக் கட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகலயே?”

வேல்விழி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் சோலையம்மாளையும் சேர்த்து மூன்று பேர். மூன்றாவது ஆள் வேல்விழி.

சோலையம்மாளும் சால்வையை அவிழ்த்துக் கொடுத்தாள். ஆறு வந்துவிட்டன. ஏழாவது வரவில்லை. பானுப்பிரியாவின் போன் உபயோகத்தில் இல்லை என்றது.

ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குப் போனாள். நான் அவளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தது அன்றைக்குத்தான். ஏன் அந்த ஆறையும் சுமந்துகொண்டு போகிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சால்வையைக் கேட்கத் தன்னிடம் மட்டும் வரவில்லை, எல்லாரிடமும் வாங்கியாகிவிட்டது என்று பானுப்பிரியாவுக்குக் காட்டத்தான்.

அத்தைக்காரி வீட்டில் இருந்தாள். “அதுக போயி மூணு வாரமாச்சே. வெம்பக்கோட்டைப் பக்கமோ சாத்தூர்ப் பக்கமோ, யாரோ கூட்டிட்டுப் போனாக. போனும் உடைஞ்சுபோச்சுன்னா.”

“ஒரு நீலச் சால்வை வச்சிருந்தாளே?”

“அதை அவ எங்க கழத்தி வச்சா! வேலைக்கும் அதுதான், உறக்கத்துக்கும் அதுதான். எங்க அக்கா பின்னிக் குடுத்ததுன்னு ஊரெல்லாம் காட்டுவா.”

வேல்விழி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள்.

அதன் பிறகு வாரத்தில் ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று காலையில் தாயில்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் போய் நிற்கிறாள். இன்னொரு வாரம் சாத்தூர் ரோட்டில். கம்பெனி வேன்கள் வரிசையாகப் போகும். ஒவ்வொரு ஜன்னலிலும் நீலம் தெரிகிறதா என்று பார்ப்பாள். எங்காவது வெடி விபத்து என்று போனில் படம் வந்தால் பெயர்களைப் படிப்பதற்கு முன் படத்தின் மூலை முடுக்கெல்லாம் தேடுவாள்.

ஆறு சால்வையையும் பிரித்துவிட்டாள். பிரிக்கும்போது சிரிப்பு வரவில்லை. இராஜபாளையத்தில் பருத்தி நூல் வாங்கிவந்து புதிதாகப் பின்னுகிறாள். முதல் சால்வை கருப்பம்மாளுக்குப் போனது. கருப்பம்மாள் அதை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதையும் எப்ப வந்து கேப்பே?” என்றாள். ஆனால் மறுநாள் போர்த்திக்கொண்டு வந்தாள்.

நீலம் ஒன்றும் தயாராகிவிட்டது. பூவுக்கு ஐந்து இதழ், ஒரே ஒரு பூவில் ஆறு. தெரிந்தே தப்பாகப் பின்னுவதுதான் கஷ்டம், கை விடமாட்டேன் என்கிறது என்றாள்.

உங்கள் ஊர்ப் பக்கம் வேனில் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள், படிக்காதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மயில் கழுத்து நீலம், மஞ்சள் ஓரம், மூலையில் ஆறு இதழ்ப் பூ. போர்த்தியிருப்பவளைக் கண்டால், அறைக்குள் போகுமுன் அதைக் கழற்றச் சொல்லுங்கள். ஆமத்தூர் வேல்விழி பருத்தியில் ஒன்று பின்னி வைத்திருக்கிறாள் என்றும் சொல்லுங்கள்.