விசிட்டர் தீம்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கார்களுக்கான வயர் கட்டுகள் தயாராகின்றன. வரிசையின் கடைசி மேசையில் ஒரு தொடுதிரை உண்டு. அங்கே நிற்பவர் ஒவ்வொரு வயர் கட்டையும் கண்ணால் பார்த்து, கையால் தடவி, திரையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இடமிருந்து வலமாக மூன்று: கழிவு, மறுசோதனை, நல்லது. அந்தத் திரைக்கு நிரல் எழுதியவன் நான். இதில் பெருமை ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திரைக்கு இரண்டு தீம், அதாவது இரண்டு தோற்றம். தினசரி தீமில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொத்தான்களும் பெரிய தமிழ் எழுத்தும் இருக்கும். இன்னொன்று விசிட்டர் தீம். வெளிநாட்டுக் கார் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வரும் நாளில் தரையை இரண்டு முறை துடைப்பார்கள், கேன்டீனில் மோருக்குப் பதில் ஜூஸ் வைப்பார்கள், நான் எல்லாத் திரைகளுக்கும் விசிட்டர் தீமை மாட்டுவேன். எல்லாப் பொத்தானும் தலைமையகத்தின் நீலமாகிவிடும். ஃபான்ட் என்கிற எழுத்துருவும் தலைமையகத்தினுடையதுதான். ஒல்லியாக, ஒயிலாக இருக்கும். அதில் தமிழ் கிடையாது. ஆகவே அன்று பொத்தான்களில் எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும்.

தப்பு என்னுடையது. நிறம் வேறு, எழுத்து வேறு என்று பிரிக்காமல் ஃபான்ட் பெயரைத் தீம் கோப்புக்குள்ளேயே எழுதிவைத்தேன். அந்த ஃபான்டில் ஓர் எழுத்து இல்லையென்றால் வேறு எதில் தேட வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லவும் இல்லை. மேனேஜரிடம் ஒருமுறை சொன்னேன். "ஒரு நாள் கூத்து, வுடுப்பா. வர்றவன் இன்னா தமிழா படிக்கப்போறான்?" என்றார். அவர் சொன்னது சரிதான். வந்தவர்களில் ஒருவர் அந்தக் கட்டங்களைப் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் மொழியின் எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தோம்.

கடைசி மேசையில் இருந்தவர் மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. ஏழு வருடமாகக் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆக்கப்போகிறவர்களின் பட்டியலில் அப்போதுதான் அவர் பெயர் ஏறியிருந்தது. எங்கள் கேன்டீனில் கான்ட்ராக்ட்காரர்களுக்குத் தனி வரிசை. "ஏழு வருசம் இந்தப் பக்கமே நின்னு துன்னாச்சு சார். அடுத்த மாசம் அந்தப் பக்கம் நிப்பேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் திரையின் கீழ்ச் சட்டத்தில் மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை.

"விசிட்டர் வர்ற அன்னிக்கு எல்லாம் ஒரே நீலமா கீது சார், எழுத்தும் தெரில. அதான் பொட்டு வெச்சிகினேன். செவப்புக்கு மேல இருக்கறது கழிவு."

"சூப்பர்க்கா. உங்க தீம்தான் என் தீமைவிட நல்லாருக்கு" என்றேன். நகைச்சுவையாம். என் வேலையை அவர் ஸ்டிக்கர் பொட்டால் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பல்லிளித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அடுத்த விசிட்டுக்கு முன் தலைமையகம் புது ஃபான்ட் அனுப்பியது. இது கொஞ்சம் தடிமன். விசிட்டர்கள் வரும் காலையில்தான் ஏற்றினேன். கட்டங்கள் அகலமாயின, கட்டங்களுக்கு ஏற்பப் பொத்தான்களும் அகலமாயின. ஒரு வரிசையில் மூன்றும் கொள்ளவில்லை. கடைசிப் பொத்தானான நல்லது, கீழ் வரிசையில் இடது ஓரத்துக்குப் போய், சிவப்புப் பொட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்துகொண்டது. ஒரு பொத்தான் கீழே இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். தட்டினால் வேலை செய்தது, அது போதும் என்று நகர்ந்துவிட்டேன்.

விசிட்டர்கள் வேண்டுமென்றே குறையுள்ள ஒரு வயர் கட்டை அக்காவின் கையில் கொடுத்தார்கள். ஒரு நொடியில் கண்டுபிடித்தார். டேப் பிரிந்திருந்த இடத்தை விரலால் தொட்டு அவர்களிடமே காட்டினார். பிறகு திரையைப் பார்த்தார், ஒரு கணம் தயங்கினார், சிவப்புப் பொட்டுக்கு மேலே அழுத்தினார். நல்லது என்று லேபிள் அச்சாகி வெளியே வந்தது.

"இன்னாம்மா பண்ற நீ? கண்ணு தெரில?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"செவப்பு மேலதான் சார் அமுக்கினேன்" என்றார் அக்கா. அவர் என்ன சொல்கிறார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் புரிந்தது.

மீட்டிங்கில் மேனேஜர் என்னைக் கேட்டார். "சாஃப்ட்வேர்ல எதுனா பிரச்சனையா?"

"இல்ல சார். நல்லதுன்னுதான் அழுத்தியிருக்காங்க. பதிவாகியிருக்கு" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதைவிடக் கேடுகெட்ட பேச்சை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். அனுமதி இல்லாமல் கருவியில் பொட்டு ஒட்டியதையும் இன்னொரு குற்றமாகச் சேர்த்தார்கள். கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே ஃபான்டைத் தீமிலிருந்து பிரித்தேன். தமிழுக்கு என்று ஒரு ஃபான்டை நிரலிலேயே கட்டிப்போட்டேன், எந்தத் தீம் வந்தாலும் பொத்தான்கள் இடம் மாறாதபடி செய்தேன். எல்லாம் இருபது நிமிட வேலை. நடுவில் டீ வேறு குடித்தேன்.

சில மாதம் கழித்து சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்காம், அங்கேயும் கான்ட்ராக்ட்தான். ஓடி ஒளிய இடமில்லை. அவரே பக்கத்தில் வந்தார்.

"இப்போ விசிட்டர் வந்தா எழுத்து தெரிதா சார்?"

"தெரியுதுக்கா. சரி பண்ணிட்டேன்."

"எத்தினி நாள் ஆச்சு சரி பண்றதுக்கு?"

"ஒரு மாசம் ஆச்சுக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"அம்மாடி, ஒரு மாசமா!" என்றார் அக்கா. முகம் இளகிவிட்டது. "இத்தினி நாளா உங்கள திட்டிகினே இருந்தேன் சார். நீங்க நெனச்சிருந்தா ஒரு நிமிசத்துல சரி பண்ணிருக்கலாம்னு. அவ்ளோ பெரிய வேலைன்னு எனக்கு இன்னா தெரியும்? மனசுல வெச்சிக்காதீங்க சார்."

"பரவாயில்லக்கா, விடுங்க" என்று நான் அவரை மன்னித்தேன்.