அரை வரிக்காரி

புருஷன் செத்த மறுவருஷமே ஊர்ச் சங்கம் பேராச்சியை அரை வரிக்காரி ஆக்கிவிட்டது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாதி வரி, ஆனால் சங்கத்தில் ஓட்டுக் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் அது. பம்பாய்த் தாராவிக்கும் ரயிலேறி வந்திருந்தது. அவளும் அதைச் சலுகை என்றே நினைத்திருந்தாள்.

அந்த 1961 மே மாதம் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. மறுபடி நின்ற கணேசபாண்டியன், சங்கத்துச் சுவரோரம் அவள் இட்லி அவிக்கும் இடத்தில் கொடிமேடை கட்டப் போவதாகச் சொன்னார். எதிர்த்து நின்ற ஆறுமுகநயினார், கடை இருக்கட்டும் என்றார். முழு வரியை முந்தானையில் முடிந்துகொண்டு பேராச்சி சங்கத்துக்குப் போனாள்.

அங்கே கண்டனக் கூட்டம். தென்னாப்பிரிக்காவில் முதல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"வெள்ளைக்காரன் மட்டும் கூடி ஒரு வெள்ளைக்காரன ஜனாதிபதி ஆக்கிட்டான்வே!" என்று முழங்கினார் கணேசபாண்டியன். "கருப்பு சனத்துக்கு ஓட்டில்ல. கரும்பு வெட்டப் போன நம்ம சனத்துக்கும் இல்ல. வரி மட்டும் வேணுமாம். தூ!"

நிஜமாகவே துப்பினார். பேராச்சியின் தாய்மாமன் அங்கே கரும்பு வெட்டப் போனவர்தான். அவளும் பலமாகக் கைதட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் முடிச்சை அவிழ்த்தாள். "அண்ணாச்சி, இனி நான் முழு வரி கட்டுதேன். எனக்கும் ஓட்டு வேணும்."

"ஏளா, ஒனக்கு எதுக்கு அந்தப் பாரம்? பாவம்னுதான பாதியாக்கியிருக்கு!"

"டெல்லி சர்க்காருக்கு ஓட்டுப் போடுதேன். இந்தத் தகரக் கொட்டாய்க்குப் போடக்கூடாதோ?"

யாரோ சிரித்தார்கள். அவள் ஆறுமுகநயினாரைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸுக்குள் பார்த்தார். "வழக்கம்லா மதினி. ஒன்ன விட்டா நாளைக்கு எல்லா அரை வரிக்காரியும் வந்து நிப்பாளுவ."

கடை இருக்கட்டும் என்ற அதே வாய். கணேசபாண்டியனின் எச்சிலைவிட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அத விடு," கணேசபாண்டியன் கண்டனத் தாளையும் மைப்பெட்டியையும் நகர்த்தினார். "இதுல ஒரு கைநாட்டு வையி. டெல்லிக்கு அனுப்பணும். இதுக்கு முழு ஆளு அரை ஆளெல்லாம் கிடையாது."

பேராச்சி மையைத் தொடவில்லை. "அவன் தூரத்துல இருக்கான், துப்புனிய. பக்கத்துல இருக்கவளுக்கு மை காட்டுதியளோ?" என்று எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியன் ஜெயித்தார். வெற்றிக்கு ஐம்பது பேருக்கு இட்லி வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தோற்ற ஆறுமுகநயினாரும் சாப்பிட வருகிறாராம். பேராச்சி எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சூடு ஆறுமுன்னே அடுப்புக் கல்லைப் பெயர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை போடப் போனாள்.