கூரை உள்ள விமானம்

பஸ் பணிமனையில் முப்பது வருஷம் பிரேக் பார்த்த ஃபிட்டரை எல்லோரும் ‘பைலட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதுகூடப் பழைய போர் விமானப் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார்.

அவர் ஓய்வுபெற்ற அன்று, "விமானம் ஒண்ணு சொந்தமா கிடைச்சா எதை எடுப்பீங்க, அண்ணே?" என்று வெல்டர் கேட்டார்.

"ரெட்டை இறக்கைப் பயிற்சி விமானம். அதுல ரெண்டு சீட்டு. முன்னாடி இவ உக்காரலாம்" என்று விழாவுக்கு வந்திருந்த மனைவியைக் காட்டினார்.

இத்தனை வருஷமாய் அந்த விமான ஆசையைப் பைத்தியம் என்று சொல்லிவந்த அவள், புத்தகத்தை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தாள். "கூரையே இல்லையே. காத்து பட்டா எனக்குக் காது வலிக்குமே."

அவள் ஏறவே தயாராகிவிட்டாள் என்பது பைலட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாய்ப் பக்கம் புரட்டி, சிப்பாய்களை ஏற்றிச் சென்ற பருத்த விமானம் ஒன்றைக் காட்டினார்.

"இதுல கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கு."

"அப்ப இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.