கரிசல் மேல் விரித்த புல்

எங்கள் எதிர்வீட்டு அருள் பிரகாஷ் அண்ணன் சக்கர நாற்காலியோடு பச்சைப் புல்லுக்குள் கவிழ்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். புல்லுக்குள் என்றுதான் சொல்ல வேண்டும். தரை மெத்தை மாதிரி அமுங்கி, முன்சக்கரங்கள் உள்ளே போய், அவர் குப்புற விழுந்தார். பிளாஸ்டிக் புல்லின் ஓட்டைகள் வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. அந்தப் புல்லை ஆசை ஆசையாக விரித்தவர் அவர் மனைவி அனிதா மேரி அக்கா. அவர் அலறிய அலறலை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

அக்கா பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கம் வரதராசன்பேட்டை. முந்திரித் தோப்பும் செம்மண்ணுமான ஊர். எவ்வளவு மழை பெய்தாலும் மண் குடித்துவிடும். கல்யாணமாகி வேப்பந்தட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். இங்கே கரிசல். மழையில் பசை மாதிரி காலைப் பிடிக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். வந்த வருடமே சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொள்ள, "இது மண்ணா, பிசினா?" என்று திட்டியபடி ஒற்றைச் செருப்போடு மாதா கோயிலுக்குப் போனவர் அவர்.

பிறகு அண்ணனுக்கு பைக் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அக்கா தையல் வேலை பார்த்துக்கொண்டே, முற்றத்தைத் தாண்டி ரோட்டோரத்தில் அவருக்கு செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்துக் கொடுத்தார். வெயில் நாளில் அண்ணன் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். மழை பெய்தால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். "ராசா பல்லக்குல வராரு, ஒதுங்குங்கடா!" என்று தூக்குகிறவர்களே கத்துவார்கள். அண்ணனும் சிரிப்பார். ஒருநாள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்கக் கடை திறப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

"அவரு தன் கையால உருட்டிக்கிட்டு போவணும். மழையிலயும் போவணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்பார் அக்கா.

சிமெண்ட் போட்டுப் பார்த்தார். மழையில் மண் உப்பி, வெயிலில் சுருங்கி, சிமெண்ட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மறுபடி போட்டதும் அப்படியே ஆனது.

ஒருநாள் பெரம்பலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, பையன்கள் கிரிக்கெட் ஆடும், பிளாஸ்டிக் புல் விரித்த டர்ஃப் மைதானத்தைப் பார்த்திருக்கிறார். கொட்டிய மழை நின்றதும் பையன்கள் மறுபடி ஆட இறங்கிவிட்டார்கள். ஒரு குட்டைகூட இல்லை. "புல்லு தண்ணிய அப்படியே இழுத்துக்குது!" என்று ஊருக்கு வந்து சொன்னார். அந்த மைதானத்தில் புல்லை மாற்றியபோது பழையதை வாங்கி வந்துவிட்டார்.

விரித்தது சித்திரையில். சோதித்துப் பார்க்க, தண்ணீர் டேங்கர் ஓட்டும் முத்தமிழ்செல்வன் டிராக்டரோடு வந்து குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் விழ விழக் காணாமல் போனது.

"அக்கா, ஒரு லோடு தண்ணிய ஒங்க வூட்டு முத்தம் ஒரே மடக்குல குடிச்சிட்டுதே! மோர் ஊத்துனாலும் குடிக்கும் போல!"

நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். இதே மண்ணில் பருத்தி போடுகிறவர்கள் நாங்கள். கோடை வெடிப்புக்குள் தண்ணீர் ஓடிவிடும், மழைக்கு அந்த வெடிப்பு மூடிக்கொள்ளும் என்று எங்களில் தெரியாதவர் கிடையாது. வயலில் தெரிந்தது முற்றத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை! பச்சையைப் பார்த்ததும் கீழே இருப்பது எங்கள் மண் என்பதே மறந்துவிட்டது. இதுதான் எனக்கு நம்பவே முடியாத விஷயம்.

ஐப்பசி மழை பிடித்தது. இரவெல்லாம் பெய்து விட்டிருந்த காலையில் மேலே பார்க்கப் புல் பளிச்சென்று இருந்தது.

"பாருங்க, ஒரு சொட்டு நிக்கல. வாங்க" என்று அக்கா அண்ணனைக் கூப்பிட்டார்.

"நீ புடிக்காத. நானே போறேன்" என்று அண்ணன் உருட்டினார். பாதி வழியில்தான் விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். உதடு கிழிந்து ரத்தம். "இதுக்குப் பல்லக்கே மேல், அனிதா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

புல்லைச் சுருட்டினால், அடியில் மண் உப்பி, தட்டில் ஊற்றியது போலத் தண்ணீர் நின்றது. விரல் நுழைய ஒரு வெடிப்பு இல்லை. "சித்திரையில கையே உள்ள போச்சே! எங்கடா போச்சு அந்த ஓட்டையெல்லாம்?" என்று அக்கா மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் மைதானத்துக்குப் போனார். மழை நின்று வெகு நேரம் ஆகியும், பின்சுவருக்கு வெளியே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா அதையே பார்த்தார். பிறகு காவலுக்கு இருந்தவரிடம் கெஞ்சி, ஓரத்துப் புல்லைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அடியில் ஜல்லி. கையால் தோண்டத் தோண்ட ஜல்லி.

"கீழ மண்ணே இல்லையா?"

"மண்ண வெட்டி எடுத்துட்டுதாங்க போட்டாங்க. புல்லு சும்மா போர்வை" என்றார் அவர்.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மழை விட்ட நாட்களில் வேலை நடந்தது. வாசலிலிருந்து கடை வரை களிமண்ணை வெட்டி எடுத்து, ரோட்டோரச் சாக்கடைப் பக்கம் சரிவு வைத்தார்கள். களி மேலேறாமல் இருக்கக் கெட்டித் துணி, அதன்மேல் ஓட்டை போட்ட குழாய், ஜல்லி, கல் உடைக்கும் கிரஷரில் விழும் பொடி. எல்லாவற்றையும் இடித்துக் கெட்டியாக்கி, கடைசியில் அதே பழைய புல். அண்ணன் எட்டிப் பார்க்கவே இல்லை. "என்ன வேணா போடு. நான் வரல" என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் ஒரு காலை, நல்ல மழை. எங்களுக்குத் தெரியாமல் அண்ணன் வாசலுக்கு வந்திருந்தார். பார்த்ததும் தெருவில் எல்லாரும் கூடிவிட்டோம்.

"தூக்கவாண்ணே?" என்று முத்தமிழ்செல்வன் ஓடினார்.

"கிட்ட வந்த, மண்டையிலயே போடுவேன்."

அண்ணன் இறங்கினார். முன்பு விழுந்த இடம் வந்ததும் நிறுத்தி, குனிந்து, உள்ளங்கையால் புல்லை ஓங்கி ஒரு அறை அறைந்தார். தரை அசையவில்லை. மறுபடி உருட்டினார். அக்கா அவருக்குப் பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டியபடி போனார், ஆனால் தொடவில்லை.

அண்ணன் கடையை அடைந்து ஷட்டரைத் தூக்கினார். திரும்பிப் பார்த்தால் அக்கா இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தார்.

"ஏய் அனிதா, யாரப் புடிக்க நிக்கிற? உள்ள வா, நனையிற பாரு."

அப்போதுதான் கவனித்தேன். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தர் கையிலும் குடை இல்லை.