தருமபுரியிலிருந்து திறக்கும் கேமரா

பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் நான் குடியிருக்கும் அறையில் எனக்கு ஏசி கிடையாது. என் கேமராவுக்கு மட்டும் கரண்டில் ஓடும் தனிப் பெட்டி உண்டு. இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று மிரட்டித்தான் கடைக்காரர் அதை விற்றார். அதற்குள் ஒரு லென்ஸ் போயே போய்விட்டது. பெல்ட், செருப்பு, பை என்று எதையும் விடாமல் பச்சையாய்ப் படரும் பினாங்கு ஈரத்தை நினைத்தாலே குமட்டுகிறது.

ஊரில், தருமபுரியில், நட்சத்திரங்களைப் படமெடுக்க மொட்டைமாடியில் கேமராவை நிறுத்திவிட்டு நானும் என் மனைவி கவிதாவும் பாயில் படுத்துக் கிடப்போம். பட்டனை அழுத்துவது எப்போதும் அவள்தான். என் கை ஆடுமாம். அரசுப் பள்ளி வேலையை விட்டு அவளால் வர முடியாது, இங்கே வேலை ஒப்பந்தத்தை முறித்து என்னால் போக முடியாது. அதனால் சனிக்கிழமைதோறும் கேமராவோடு, தீவின் மறுபக்கம் வெளிச்சம் குறைந்த பாலிக் புலாவுக்குப் போகிறேன். கேமராவின் வைஃபையை என் டேப்லெட் பிடிக்கும். அந்த டேப்லெட்டை இணையம் வழியாகக் கவிதா தன் போனில் திறந்து, அங்கிருந்தபடியே ஷட்டரை இயக்குவாள். இது ஒன்றுதான் நாங்கள் இன்னும் சேர்ந்து செய்யும் காரியம். மற்றபடி எங்கள் பேச்சு "சாப்பிட்டீங்களா"வோடு முடிந்துவிடுகிறது. "இந்த வாரமும் படம் சரியா வரலைன்னா விட்டுடலாங்க" என்று அவள் சொல்லியிருந்தாள்.

போன சனிக்கிழமை இரவு ஒரு டுரியான் பழத் தோட்டத்து ஓரம். கடல் பக்கம் மீன்பிடிப் படகுகளின் பச்சை வெளிச்சம், காலடியில் எவனோ குடித்துவிட்டு எறிந்த தே ஆய்ஸ் என்ற ஐஸ் டீ பாக்கெட், அதில் மொய்க்கும் எறும்பு. சகிக்கவில்லை. பனி படியாமலிருக்க லென்ஸைச் சுற்றி மஞ்சள் துண்டைக் கட்டிவிட்டு, கொசுவுக்குப் பயந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏங்க, படமெல்லாம் புகையா வருது. யாராவது குப்பை கொளுத்துறாங்களா?" என்றாள் கவிதா போனில்.

இறங்கி ஓடினேன். கேமராவின் முன்னால் ஊதுபத்தி, ஓர் எலுமிச்சம்பழம். தோட்டத்துக் காவலாளி கைகூப்பி நின்றிருந்தார். இங்கே மரத்தடிகளில் டத்தோ என்ற காவல் தெய்வத்துக்கு மஞ்சள் துணி கட்டிக் கும்பிடுவார்கள்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. மஞ்சத் துணி, லைட்டு வேற மின்னுது. புது டத்தோன்னு நெனச்சிட்டேன் லா. மழையில டுரியான் பூவெல்லாம் கொட்டுது, அதான் வேண்டிக்கிட்டேன்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஊதுபத்தியைப் பிடுங்கி மண்ணில் தேய்த்தேன். "இது கேமராய்யா! ஊர்ல இருந்து என் சம்சாரம் படம் எடுக்கறா."

அவர் கேமராவை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "அக்கா அங்கேருந்தே எடுக்குதா? அப்ப நீங்க எதுக்குண்ணே இங்க?"

போனில் கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. என்னால்தான் கூடச் சிரிக்க முடியவில்லை. என்மீதே அருவருப்பாக இருந்தது.

"புகை போயிடுச்சுங்க, இப்ப நல்லா தெரியுது" என்றாள். "கொஞ்சம் நகருங்க. உங்க தலை மறைக்குது."

கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் அவளுக்கு நான் தெரியமாட்டேன்.