பாட்டில் அழுதவள்

ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் எங்கள் கம்பெனி வண்டியில் அந்த ராப் பாட்டை டிரைவர் அண்ணன் முதன்முதலில் போட்டபோது நானும்தான் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாவது வரியில் கை நின்றுவிட்டது. ஊத்துக்கோட்டை வண்டி, ஜன்னல் சீட்டு, மோவாயில் மச்சம். பேரை மட்டும்தான் சொல்லவில்லை, பாவி. வேறொருத்தனுக்காக அவனைக் கைவிட்ட துரோகி பிறகு அவன் காலைப் பிடித்து அழுதாளாம். அவன் ஆம்பளையாம், திரும்பியே பார்க்கவில்லையாம். வண்டியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக என் மோவாயைப் பார்த்தார்கள்.

பாடியவன் பக்கத்துக் கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறவன். ஒரு வருஷம் பழகினோம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கேன்டீனில் தனி வரிசை, ஆறிப்போன சோறு என்று அவன் எழுதிய பாட்டைக் கேட்டு எனக்குப் புல்லரித்துப்போனது. அதை யாரும் சீந்தவில்லை. "பொண்ண திட்டு மச்சான், பிச்சிக்கினு போவும்" என்று கூட்டாளிகள் சொன்னதை அவனே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். பிறகு ஒருநாள், லைன் சூப்பர்வைசரோடு சிரித்துப் பேசினேன் என்று கை ஓங்கினான். அதோடு விட்டுவிட்டேன். அழுதது அவன். "வுட்டுட்டு போவாதடி" என்று தேம்பித் தேம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதை மூன்று தடவை கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

பாட்டு வீட்டில் நைனா காதுக்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. "உல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? வேல வாணாம்னு எழுதிக் குடுத்துடு. நாளைக்கு நானும் வரேன்" என்றார். வேலை போனால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியாதா? கேட்டு வருகிற முதல் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

மறுநாள் காலை ஸ்டாப்பில் அவரோடு நின்றேன். எதிர் டீக்கடையில் அவன், கூட்டாளிகள் சூழ.

"இன்னா மாமா, பாட்டு எப்டி கீது?" என்றான் நைனாவைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போய் அவன் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன்.

"யாரு அழுதாங்கனு போட்டுக் காட்டட்டா?"

அவன் சிரிப்பு மட்டும் நின்றது. "வாணாம்" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். பக்கத்தில் இருந்தவன், "இன்னா அது, போடு போடு" என்று எட்டிப் பார்த்தான். கட்டைவிரலை பிளே பட்டன்மேல் வைத்தேன். பாடியவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னாலேயே வந்த நைனா போனைப் பிடுங்கினார். அதைக் காதோடு வைத்து முழுசாகக் கேட்டார். அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அழிச்சிடு. ஆம்பள புள்ள. நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் பூடும்."

"வண்டி பூரா என்னப் பாத்துச்சே நைனா. என் மானத்துக்கு நான் வேலய வுடணும். அவன் மானத்துக்கும் நான்தான் அழிக்கணுமா?"

கம்பெனி வண்டி வந்து நின்றது. அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு நான் மட்டும் ஏறினேன்.