ஒரு ரிப்பன் மட்டும் தோளில்

தொண்ணூறுகளில் சேலையூரில் குடியிருந்தோம். ஏழாவது படித்த என் மகளுக்குத் தினமும் இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டுவேன். ஒரு ரிப்பன் தோளைத் தொடும், இன்னொன்று தொடாது. எத்தனை முறை அவிழ்த்துப் பின்னினாலும் அப்படியேதான்.

"ஒழுங்கா நில்லேன்டி!"

"நேராத்தாம்மா நிக்கிறேன்!"

அந்த அழுகைக் குரல் என் கையை நிறுத்தியது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு தோள் உயர்ந்து, முதுகெலும்பு வளைந்திருந்தது.

வளர்ந்து முடியும்வரை மார்பிலிருந்து இடுப்புவரை சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் பெல்ட் போடச் சொன்னார் எலும்பு டாக்டர். கேலி செய்வார்களே என்று பயந்து, முதல் நாள் பள்ளி வாசல்வரை கூடவே போனேன்.

தோழிகள் சூழ்ந்ததும் அவளே வயிற்றில் 'டொக் டொக்' என்று தட்டிக் காட்டினாள். "இனிமே என்கூடப் பேசணும்னா கதவைத் தட்டணும்டி!"

சிரித்துக்கொண்டே எல்லோரும் தட்டினார்கள். தைரியம் சொல்லப் போன நான் அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன்.

மாலையில் ரிப்பனை அவிழ்க்கும்போது நானும் தட்டிவிட்டுத்தான் பேசினேன்.